வீட்டிலேயே பாடம், கையில் மூவாயிரம் ரூபாய்

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கத் தொடங்குகிறவர்களின் கேள்விகள் இந்த முறை மலையிலிருந்துதான் அதிகம். ஐந்தை எடுத்துக்கொண்டோம்.

எங்கள் மகளுக்கு ஏழு வயது. ஜூன் முதல் வீட்டிலேயே சொல்லித் தரப் போகிறோம். இரண்டாம் வகுப்புக்கான 'முழுத் தொகுப்பு' என்று ஒரு பெட்டியை இணையத்தில் 12,000 ரூபாய்க்கு விற்கிறார்கள். எங்களால் மூவாயிரத்துக்கு மேல் முடியாது. எதை வாங்குவது, எதை விடுவது?
— வாசகி, கோத்தகிரி

பெட்டியை விடுங்கள். மூவாயிரத்தையும் ஒரேயடியாகச் செலவழிக்காதீர்கள். முதல் மூன்று மாதத்துக்கு ஆயிரம் போதும். குழந்தை எங்கே தடுமாறுகிறாள் என்று தெரிவதற்கு முன்னால் வாங்கிய சாமான்தான் பின்னால் பரணில் கிடக்கும். மிச்சம் இரண்டாயிரம் எதற்கு வேண்டும் என்பது செப்டம்பரில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதலில் பாடநூல். அரசுப் பாடநூல்களின் பிடிஎஃப் இலவசமாகக் கிடைக்கிறது என்பதால் பலர் முழுப் புத்தகத்தையும் ஜெராக்ஸ் கடையில் அச்செடுக்கிறார்கள். பக்கத்துக்கு இரண்டு ரூபாய் என்றால் 150 பக்கத்துக்கு 300 ரூபாய். அதுவும் கறுப்பு வெள்ளை. 'சிவப்புப் பூக்களை எண்ணுக' என்ற பக்கம் சாம்பல் நிறத்தில் வந்தால் ஏழு வயதுப் பிள்ளை எதை எண்ணுவாள்? பாடநூல் கழகம் அச்சிட்டு விற்கிற புத்தகமே அநேகமாக அதைவிட மலிவு. அதைவிட மலிவு, பக்கத்து வீட்டில் மூன்றாம் வகுப்புக்குப் போகிற பிள்ளையின் போன வருடப் புத்தகம். பென்சிலில் எழுதியிருந்தால் அழித்துக்கொள்ளலாம். பேனாவில் விடை எழுதியிருந்தால் பயிற்சிப் பக்கங்கள் போனதுதான், பாடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய புத்தகக் கடையில் வாங்கினால் முதல் பக்கத்தில் ஆண்டைப் பாருங்கள். இப்போதைய பாடத்திட்டம் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்கு 2018-19லும் மற்ற வகுப்புகளுக்கு 2019-20லும் வந்தது. அதற்கு முந்தைய சமச்சீர்ப் புத்தகங்கள் கதை வாசிக்கவும் கணக்குப் போடவும் இன்றைக்கும் நன்றாகவே உதவும். பத்து ரூபாய்க்குக் கிடைத்தால் அள்ளிக்கொள்ளுங்கள். ஒன்பது, பத்து என்று தேர்வை நோக்கிப் படிக்கிறவர்களுக்குத்தான் அவை ஆகாது.

கணக்குக்கு 110 குச்சி வேண்டும். தென்னந்துடைப்பத்து ஈர்க்கை விரல் நீளத்துக்கு ஒடித்தாலும் சரி, ஐஸ் குச்சி வாங்கினாலும் சரி. நூறு போதாதா என்று கேட்பீர்கள். பத்துப் பத்தாக ஒன்பது கட்டு கட்டி, இருபது குச்சியை உதிரியாக வைக்க வேண்டும். 42லிருந்து 17ஐக் கழிக்கும்போது ஒரு கட்டைப் பிரித்துப் பத்து உதிரியாக்குவதுதான் பாடமே. அதைக் கையால் ஐம்பது முறை செய்த பிள்ளைக்குக் 'கடன் வாங்குதல்' என்று தனியாக எதையும் விளக்க வேண்டியதில்லை. கட்டுவதற்கு ரப்பர் பேண்டு வேண்டாம், நம் ஈரத்தில் ஒரு மழைக்காலத்திலேயே பிசுபிசுத்துக் குச்சியில் ஒட்டிக்கொள்ளும். முரட்டு நூலில் ஒரு சுருக்கு போதும், பிள்ளையே போடவும் அவிழ்க்கவும் பழகுவாள்.

எண்ணுவதற்குப் புளியங்கொட்டை, கற்பூர மரத்துக் காய், பைன் கூம்பு எதுவும் ஆகும். குன்றிமணி மட்டும் கூடாது. அழகாக இருக்கும், பல்லாங்குழிக்குக்கூட வைத்திருப்பார்கள். ஆனால் தோல் உடைந்த விதையைக் கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. இலை, பூ சேகரிக்கும்போது வேலியோரம் எக்காளம் மாதிரித் தொங்குகிற ஊமத்தை இனப் பூவையும் தொட விடாதீர்கள், அதுவும் விஷம். பொறுக்குவது சொந்த நிலத்திலோ சாலையோரத்திலோ இருக்கட்டும். காப்புக்காட்டுக்குள் போய் எடுப்பது குற்றம்.

வாசிப்புக்குப் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நான்கு நிலைகளாகக் கிடைக்கின்றன, அச்செடுக்கவும் உரிமை உண்டு. அச்செடுப்பதில்தான் காசு வீணாகிறது. 8 பக்கக் கதையை ஏ4 தாளில் பக்கத்துக்கு ஒன்றாக அடிக்காதீர்கள். இரண்டே தாளில் குட்டிப் புத்தகமாக வரும். முதல் தாளின் முன்புறம் இடமிருந்து வலமாக 8, 1. பின்புறம் 2, 7. இரண்டாம் தாளின் முன்புறம் 6, 3. பின்புறம் 4, 5. கடைக்காரரிடம் 'குறுகிய ஓரத்தில் திருப்பி அடியுங்கள்' என்று சொல்ல மறக்காதீர்கள். சொல்லாவிட்டால் பின்பக்கம் தலைகீழாக வரும். மொத்தப் பக்கம் நான்கால் வகுபட வேண்டும், இல்லையென்றால் கடைசியில் வெற்றுப் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் பிள்ளை படம் வரையட்டும்.

சாதாரண ஸ்டேப்ளர் நடு மடிப்புக்கு எட்டாது. ஊசி நூலே மேல். மடிப்பில் மூன்று ஓட்டை. உள்ளிருந்து நடு ஓட்டை வழியாக வெளியே, மேல் ஓட்டை வழியாக உள்ளே, நடுவைத் தாண்டிக் கீழ் ஓட்டை வழியாக வெளியே, மறுபடி நடு வழியாக உள்ளே. இரண்டு நுனியும் உள்ளே நிற்கும் நீள நூலுக்கு இரு பக்கமும் வருமாறு வைத்து முடிச்சுப் போடுங்கள். ஐந்து நிமிட வேலை. அடுத்த புத்தகத்தை அவளே தைத்துவிடுவாள்.

கதைப் புத்தகத்துக்கென்று காசு செலவழிக்கிற ஒரே இடம் புத்தகக் கண்காட்சியாக இருக்கட்டும். கோவையில் ஜூலையில் நடக்கும்போது போனால் வழக்கமான பத்து சதவீதத் தள்ளுபடியோடு நேஷனல் புக் டிரஸ்ட், பிரதம் புக்ஸ், தூலிகா மூன்றையும் புரட்டிப் பார்த்து வாங்கலாம். அதுவரை கிளை நூலகம். உறுப்பினர் கட்டணம் ஒரு டீ வடைச் செலவுக்கு அதிகம் மேலே போகாது. கேட்காமலே இருப்பதுதான் நம் ஊர்ப் பழக்கம்.

மழை தொடங்கிவிட்டால் புத்தகமெல்லாம் பூஞ்சை பிடிக்கிறது. லேமினேட் செய்த அட்டைக்குள்கூடக் கறுப்புப் புள்ளி வருகிறது. என்ன வழி?
— வாசகர், தேவாலா

தேவாலா மழைக்குப் பயந்தே தீர வேண்டும். ஆனால் புத்தகத்தைக் கெடுப்பது பெரும்பாலும் மழைத்தண்ணீர் அல்ல, அசையாத ஈரக்காற்று. வெளிச்சுவரை ஒட்டி அலமாரி போடாதீர்கள். வெளியே மழை பெய்தால் அந்தச் சுவர்தான் வீட்டிலேயே குளிர்ந்த இடம், ஈரம் அங்கேதான் பனிக்கும். உள்சுவர் ஓரமாக, இரண்டு அங்குலம் தள்ளிப் போடுங்கள். புத்தகங்களை நெருக்கி அடுக்காமல் கை நுழையும் அளவுக்குத் தளர்த்தி வையுங்கள்.

தகர டிரங்குப் பெட்டியும் நல்லதுதான், வெயில் அடிக்கிற நாளில் புத்தகத்தை உலர்த்தி உள்ளே வைத்து மூடினால். ஈரப்பதத்தோடு வைத்து மூடினால் பூஞ்சைக்குத் தொட்டில் கட்டின மாதிரி. பாலித்தீன் பையும் அப்படியே. உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளைப் போடலாம். நீலத்திலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறுகிற வகையில் கோபால்ட் சேர்ந்திருக்கிறது, குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு வெள்ளையோ ஆரஞ்சோ வாங்குங்கள். பழைய துணியில் முடிந்து பெட்டியின் மூலையில் வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை துணியிலிருந்து கொட்டி அகலமான சட்டியில் சிறு தீயில் வறுத்தால் திரும்பத் திரும்பப் பயன்படும். தீயைக் கூட்டினால் மணி வெடித்துத் தெறிக்கும்.

பீரோவுக்குள் சுட்ட சுண்ணாம்புக்கல் வைக்கிற பழக்கம் சில வீடுகளில் உண்டு. பிள்ளைகள் புழங்குகிற அலமாரியில் வேண்டவே வேண்டாம், ஈரக்கை பட்டால் சுட்டுவிடும், கண்ணில் பட்டால் பார்வைக்கே மோசம். பாச்சை உருண்டை பூச்சிக்குத்தான், பூஞ்சையைத் தடுக்காது.

லேமினேஷன் விஷயம் கத்தரிக்கோலில் இருக்கிறது. அட்டையை ஒட்டியே நறுக்கினால் தாளின் ஓரம் திறந்துகொள்கிறது, ஈரம் அதன் வழியே ஏறுகிறது. நாலு பக்கமும் 4, 5 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் விளிம்பு மிச்சம் வைத்து வெட்டுங்கள். பல அட்டைகளை ஒரே உறையில் போட்டால் நடுவே சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். லேமினேட் அட்டை மேல் ஒயிட்போர்டு மார்க்கரில் எழுதியதை நாலைந்து நாள் விட்டால் அழியாது. அதே மார்க்கரால் மேலே கிறுக்கி உடனே துடையுங்கள், வந்துவிடும்.

ஏற்கெனவே பூஞ்சை பிடித்த புத்தகத்தை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், கறை உள்ளே இறங்கும். வாசலுக்குக் கொண்டுபோய், மூக்கைக் கட்டிக்கொண்டு, காய்ந்த மெல்லிய பிரஷால் தட்டி, விசிறி மாதிரி விரித்து நிழலில் நிறுத்துங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளை இருந்தால் அந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரருக்குப் போடுங்கள், பரவாயில்லை.

மகனுக்குப் பதினொரு வயது. அறிவியலில் ஆர்வம். ஆய்வுக்கூடச் சாமான் இல்லாமல் எப்படி?
— வாசகர், பூம்பாறை

நீங்கள் இருக்கிற மலையே பாதி ஆய்வுக்கூடம். காசு கொடுத்து வாங்க வேண்டியது மூன்று: 110 டிகிரி வரை காட்டும் ஆய்வக வெப்பமானி (சிவப்புத் திரவம் உள்ளது, பாதரசம் வேண்டாம்), ஒரு கைலென்ஸ், இரண்டு காந்தம். காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரைக் கொதிநீரில் விடாதீர்கள், உடைந்துவிடும்.

வெப்பமானியில் முதல் வேலை, புத்தகத்தோடு சண்டை போடுவது. நீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று பாடம் சொல்லும். உங்கள் வீட்டில் அப்படிக் கொதிக்காது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால் ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி இறங்கும். 2,133 மீட்டரில் இருக்கிற கொடைக்கானலில் சுமார் 93. ஊட்டியிலும் ஏறக்குறைய அதேதான். வெப்பமானியின் குமிழ் பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது, தொட்டால் கூடுதலாகக் காட்டும். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு, கண்ணை அளவுக்கு நேராக வைத்துப் பாருங்கள். குக்கர் இல்லாமல் பருப்பு ஏன் வேக மாட்டேனென்கிறது என்பதற்கும் இதுவே பதில்.

அடுத்தது செலவே இல்லாதது. வத்தலக்குண்டுக்கு இறங்குகிற நாளில் காலியான தண்ணீர் பாட்டிலை வீட்டிலேயே இறுக்கி மூடி எடுத்துப் போங்கள். பஸ் எந்த இடத்தில் வரும்போது பாட்டில் முதலில் நெளிகிறது என்று பையன் குறித்துக்கொள்ளட்டும். அடிவாரத்தில் நன்றாக ஒடுங்கியிருக்கும். ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் இதற்கு நேர்மாறாக உப்பும். மூடி லேசாகத் தளர்ந்திருந்தாலும் காற்று கசிந்து ஒன்றும் நடக்காது, அதனால்தான் 'இறுக்கி' என்கிறோம்.

வெயில் உள்ள நாளில் சூரியனை அளக்கலாம். முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியைக் கறுப்புத் தாளால் மூடி, தாளின் நடுவில் 5 மில்லிமீட்டரில் ஒரு சதுர ஓட்டை வெட்டுங்கள். வெளியே வைத்து, இருட்டிய அறையின் சுவரில் 6 மீட்டர் தள்ளி ஒளியை விழவிடுங்கள். ஓட்டை சதுரம், ஆனால் சுவரில் விழுவது வட்டம். அதுதான் சூரியனின் உருவம். விட்டம் சுமார் 56 மில்லிமீட்டர் வரும். ஓரம் கொஞ்சம் கலங்கலாக இருக்கும், பளிச்சென்ற பகுதியை அளந்தால் போதும். 56ஐ 6,000ஆல் வகுத்து, சூரியனின் தூரமான 15 கோடி கிலோமீட்டரால் பெருக்கினால் 14 லட்சம் கிலோமீட்டர். உண்மையான விட்டம் 13.9 லட்சம். கண்ணாடியின் ஒளியை யார் கண்ணிலும் படவிடாதீர்கள், சூரியனை நேராகவோ லென்ஸ் வழியாகவோ பார்க்கவே கூடாது.

இதைச் செய்து முடித்த பிறகு கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்குக் கூட்டிப் போங்கள். 1899இல் தொடங்கியது. சூரியன் மேல் தெரியும் கரும்புள்ளியில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதை வானியலாளர் எவர்ஷெட் 1909இல் கண்டுபிடித்தது அங்கேதான். செய்யாமல் போனால் அது இன்னொரு சுற்றுலா இடம். நீலகிரிக்காரர்களுக்கு முத்தோரை ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. 530 மீட்டர் நீளம், ஊட்டியின் அட்சரேகைக்குச் சமமான சுமார் 11 டிகிரிச் சரிவில் வேண்டுமென்றே நிறுத்தியிருக்கிறார்கள். ஏன் அந்தச் சரிவு என்று பையனைக் கேட்டுவிட்டு, ஒரு பூகோள உருண்டையைக் கையில் கொடுங்கள்.

சான்றிதழுக்கு என்ன செய்வது? இப்போதே வழிகாட்டி நூல்கள் வாங்க வேண்டுமா?
— வாசகி, குன்னூர்

வேண்டாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பத்தாம் வகுப்புக்குப் பதிய 14 வயது நிறைந்திருக்க வேண்டும், பதிந்தால் புத்தகம் அவர்களே தருகிறார்கள். தேர்வு ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என வருடத்துக்கு இரண்டு முறை. தமிழிலும் எழுதலாம். மாநில வழியில் போனால் பன்னிரண்டரை வயதில் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு. பள்ளியிலிருந்து நிறுத்தும்போது மாற்றுச் சான்றிதழைக் கையோடு வாங்கி வையுங்கள். மனம் மாறினால், 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி 14 வயது வரை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கலாம்.

எஸ்டேட் லைனில் இருக்கிறோம். நெட் சரியாக எடுக்காது, கூரியரும் வருவதில்லை.
— வாசகர், மஞ்சூர்

டவுனுக்குப் போகிற நாளில் பிடிஎஃப்களை ஒரே மூச்சில் இறக்கி மெமரி கார்டில் போட்டுக்கொள்ளுங்கள். அரசுப் பாடநூல்கள், ஸ்டோரிவீவர் கதைகள், தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இருக்கிற பத்துத் தொகுதிக் குழந்தைகள் கலைக்களஞ்சியம், அரவிந்த் குப்தாவின் 'குப்பையிலிருந்து பொம்மை' பக்கங்கள், எல்லாம் இலவசம். கோப்பின் பெயரை உடனே தமிழில் மாற்றுங்கள், எண்ணாகவே விட்டால் பிறகு எது எதுவென்று தெரியாது.

கூரியர் வராத இடத்துக்கும் தபால்காரர் வருவார். புத்தகத்துக்கென்றே 2025 மே 1 முதல் 'ஞான் போஸ்ட்' இருக்கிறது: 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. தரைவழி என்பதால் மெதுவாக வரும். விற்கிறவரிடம் ஆர்டர் போடும்போதே அதில் அனுப்பச் சொல்லுங்கள். பார்சலுக்குள் முதலில் ஒரு பிளாஸ்டிக் உறை போடவும் சொல்லுங்கள், மழையில் தபால் சாக்குப்பை பஸ் மேலேறி வருகிற காலம் இது.