பெண் தொழில்முனைவோருக்குப் பிணையில்லாக் கடன்: கேள்விகளும் பதில்களும்

வங்கியில் சிறுதொழில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இந்தியாவில் சொத்துப் பத்திரம் இல்லாமல் தொழில் கடன் கேட்கும் பெண்களின் கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: தையல் யூனிட் நடத்துகிறேன். 4 லட்சம் கடன் கேட்டால் மேனேஜர் வீட்டுப் பத்திரம் கேட்கிறார். வீடு மாமனார் பேரில் இருக்கிறது.

குறு, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணை வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. 2010-லிருந்து இருக்கிறது. கடனில் வாங்கும் மெஷினும் சரக்கும் மட்டும் வங்கிக்கு ஈடாக இருக்கும். அதற்குக் கையெழுத்துக் கேட்பது முறையானதுதான். மாமனார் வீடு அந்தக் கணக்கில் வராது.

வாய்ப்பேச்சோடு திரும்பி வராதீர்கள். விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். 25 லட்சம் வரையிலான சிறுதொழில் விண்ணப்பத்துக்கு 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கிளையில் நியாயம் கிடைக்காவிட்டால் அந்த வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டால் வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம்.

இதில் உங்கள் பங்கும் ஒன்று உண்டு. பத்திரம் இல்லாத இடத்தில் வங்கி பார்ப்பது உங்கள் கணக்கின் வரவு செலவை. கூலி கையில் வந்து கையிலேயே செலவானால் உங்கள் தொழில் வங்கியின் கண்ணில் படாது. வாடிக்கையாளர் தரும் பணம் முழுவதும் உங்கள் பேரில் உள்ள கணக்கில் வந்து விழட்டும், கணவரின் ஜிபே எண்ணுக்குப் போக வேண்டாம். ஆர்டர் நோட்டு, துணி வாங்கிய பில், மெஷினுக்கான கொட்டேஷன், ஒரு வருட ஸ்டேட்மெண்ட் எல்லாம் கையில் இருந்தால் மேனேஜரிடம் பேசும் பேச்சே மாறும்.

கேள்வி: முத்ரா கடன் வாங்கித் தருவதாக ஒருவர் 3,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். முத்ரா என்பது சிறுதொழிலுக்கு வங்கிகள் பிணையில்லாமல் தரும் அரசுத் திட்டக் கடன். அதற்கு ஏஜெண்ட் என்று யாரையும் நியமிக்கவில்லை.

கேள்வி: ஜிஎஸ்டி எண் இல்லை. உத்யம் பதிவு செய்ய முடியுமா? எவ்வளவு செலவாகும்?

செலவே இல்லை. உத்யம் என்பது குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு, அரசு தளத்தில் இலவசம். ஜிஎஸ்டி வரம்புக்குள் வராத குறுந்தொழிலுக்காக 2023 ஜனவரியில் உத்யம் அசிஸ்ட் தளம் வந்தது. அந்தச் சான்றிதழும் முன்னுரிமைக் கடனுக்கு (வங்கிகள் சிறுதொழில் போன்ற துறைகளுக்குக் கட்டாயம் ஒதுக்க வேண்டிய கடன்) செல்லும்.

கேள்வி: கணவரின் சிபில் (கடன் கட்டிய வரலாற்றுப் பதிவு) சரியில்லை. என் பேரில் முத்ரா எடுத்து அவர் கடையை நடத்தலாமா? பெண்கள் என்றால் சீக்கிரம் கிடைக்கும் என்கிறார்கள்.

வேண்டாம் அம்மா. கடை அவருடையது, கடன் உங்களுடையது என்று ஆகிவிடும். தவணை தவறினால் கெடுவது உங்கள் சிபில். நாளைக்கு நீங்களே ஒரு தொழில் தொடங்க நினைக்கும்போது கதவு மூடியிருக்கும். நான் எல்லாரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: விலையை யார் முடிவு செய்கிறாரோ, கல்லாவில் யார் கை இருக்கிறதோ, அவர் பேரில்தான் கடன் இருக்க வேண்டும்.

கிளை மேலாளர் ஒருவர்: இதைத்தான் நாங்களும் சொல்கிறோம். பெண் பேரில் கடன், போய்ப் பார்த்தால் கணவர் கடை. வாராக்கடன் ஆனால் விளக்கக் கடிதம் எழுதுவது நாங்கள். அதனால்தான் பத்திரம் கேட்கிறோம். நீங்கள் மேலாளர்களைக் குற்றவாளிகளாக்குகிறீர்கள்.

உங்கள் பயம் உண்மை, நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள். ஆனால் பத்திரம் கேட்பதால் அந்தப் பிரச்சினை தீராது, இன்னும் கூடும். பத்திரம் யார் பேரில் இருக்கிறது? மாமனார், கணவர், அண்ணன். அவர் கையெழுத்துப் போட்டால்தான் கடன் என்றால், பணத்தை எங்கே செலவிடுவது என்பதையும் அவர்தான் முடிவு செய்வார். பெயர்க்கடன் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே நீங்கள் அதற்கு வழி போட்டுத் தருகிறீர்கள்.

நேரில் போங்கள். சரக்கு எங்கே வாங்குகிறாய், கடன் பாக்கி யார் யாரிடம் நிற்கிறது, போன மாதம் எது விற்கவில்லை என்று அந்தப் பெண்ணிடமே கேளுங்கள். தொழில் அவளுடையது என்றால் பதில் தடையில்லாமல் வரும்.

அதே மேலாளர்: சரி, விசாரித்தே கொடுத்தோம். நொடித்துவிட்டால்? உத்தரவாத நிதி உடனே முழுப் பணத்தையும் கொடுப்பதில்லையே.

கொடுப்பதில்லைதான். பிணையில்லாக் கடன் திரும்பி வராவிட்டால் வங்கிக்கு ஈடுகட்ட, 2000-இல் அரசும் சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பியும் சேர்ந்து தொடங்கிய கடன் உத்தரவாத நிதி அறக்கட்டளையில், சட்ட நடவடிக்கை தொடங்கிய பிறகு உத்தரவாதத் தொகையில் 75 சதவீதம் வரும், மீதி வசூல் நடவடிக்கைகள் முடிந்த பின்தான். ஆனாலும் அந்த 75 சதவீதம் கையில் வருகிறதே. அடமான வீட்டை ஏலம் விட்டுப் பணம் பார்க்க எத்தனை காலம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். பெண்கள் நடத்தும் தொழிலுக்கு உத்தரவாத விகிதமும் பொதுவானதைவிட அதிகம், கட்டணத்தில் சலுகையும் உண்டு.

கடன் வாங்குபவர்களும் ஒன்றைக் கவனியுங்கள். அந்த நிதி வங்கிக்குத்தான் பாதுகாப்பு. அது வங்கிக்குப் பணம் கொடுத்துவிட்டாலும் உங்கள் கடன் தள்ளுபடி ஆகாது.

கேள்வி: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பத்திரம் வேண்டாம், கணவரை ஜாமீன் போடச் சொல்லுங்கள் என்கிறார்கள். அது சரியா?

உத்தரவாத நிதியின் கீழ் தரும் கடனுக்கு மூன்றாம் நபர் ஜாமீன் கூடாது. கணவர் தொழிலில் பங்குதாரர் என்றால் அது வேறு. இல்லையென்றால், "இந்தக் கடனை உத்தரவாத நிதியில் சேர்க்கிறீர்களா?" என்று கேளுங்கள். சேர்க்கிறோம் என்றால் ஜாமீன் பேச்சு அங்கே முடிந்தது. மேலாளர் சகோதரர் இதற்கும் பதில் எழுதுவார் என்று நினைக்கிறேன், ஆனால் காத்திருக்கும் கேள்விகள் நிறைய.

கேள்வி: முத்ரா ஆப் ஒன்றில் 2,500 ரூபாய் கட்டினால் உடனே கடன் என்று வருகிறது.

மேலே சொன்னதுதான். மோசடி. பணம் கட்டாதீர்கள், ஆதார் ஓடிபியும் சொல்லாதீர்கள்.

கேள்வி: எங்கள் மகளிர் குழுவுக்கு எவ்வளவு வரை பிணையில்லாமல் கிடைக்கும்?

தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் 20 லட்சம் வரை. 10 லட்சம் வரை மார்ஜினும் (குழு தன் பங்காகப் போடும் பணம்) கேட்கக் கூடாது, குழுவின் சேமிப்புக் கணக்கை முடக்கியும் வைக்கக் கூடாது.

கேள்வி: குழுக் கடன், மைக்ரோ பைனான்ஸ் இரண்டு என்று மூன்று தவணை போகிறது. இன்னொன்று எடுத்தால் சமாளிக்கலாமா?

எடுக்காதீர்கள். குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்குமேல் தவணைக்குப் போகும்படி மைக்ரோ பைனான்ஸ் கடன் தரக் கூடாது என்பது 2022-இலிருந்து விதி. உங்கள் தவணைகளைக் கூட்டிப் பாருங்கள். வசூலுக்கு வருபவர்கள் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ தொந்தரவு செய்யவும் கூடாது.

கேள்வி: முத்ரா கடனுக்கு யாரைப் பிடிக்க வேண்டும்?

யாரையும் பிடிக்க வேண்டாம். உங்கள் கணக்கு இருக்கும் கிளைக்குப் போங்கள். இதே கேள்வி இனி வந்தால் பதில் எழுத மாட்டேன்.

கேள்வி: முத்ராவின் முதல் படியான 50,000 ரூபாய் சிசு கடனை ஒழுங்காகக் கட்டி முடித்தேன். மறுபடியும் 50,000-தான் தருவோம் என்கிறார்கள். இட்லி மாவு வியாபாரம், வெட் கிரைண்டர் வாங்க வேண்டும்.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். முத்ராக் கணக்குகளில் மூன்றில் இரண்டு பங்குக்குமேல் பெண்களுடையவை என்று பெருமையாகச் சொல்கிறோம். அதில் எத்தனையோ பேர் சிசு படியிலேயே நின்றுவிடுகிறார்கள். கணக்கை எண்ணிப் பார்த்துத் திருப்திப்பட்டால் போதாது, தொகை வளர வேண்டும். சிசுவுக்கு அடுத்து 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண். தருண் கடனைக் கட்டி முடித்தவர்களுக்கு 2024-இலிருந்து 20 லட்சம் வரை தருண் பிளஸ்.

கட்டி முடித்த கடனுக்கு நிலுவையில்லாச் சான்று வாங்குங்கள். சிபில் அறிக்கையை வருடத்துக்கு ஒரு முறை இலவசமாகப் பார்க்கலாம், அதில் அந்தக் கடன் முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். கிரைண்டர் கொட்டேஷன், இப்போது அரைக்கும் மாவு, கிரைண்டர் வந்தால் அரைக்கக்கூடிய மாவு, மாதம் எவ்வளவு தவணை தாங்கும் என்ற கணக்கு, இவற்றை ஒரே தாளில் எழுதுங்கள். "கிஷோர் பிரிவில் விண்ணப்பிக்கிறேன்" என்று விண்ணப்பத்திலேயே குறிப்பிடுங்கள். முன்பு போலவே 50,000 என்று சொன்னால், ஏன் அதற்குமேல் இல்லை என்பதை எழுதிக் கேளுங்கள்.