பள்ளிக் கட்டணத்தை யார் கட்டியது?

கேள்வி: எனக்கு வயது 39. கொலம்பியாவில் பிறந்து, உள்ளனுபவத்தால் மெய்யறிவு தேடும் நவீன ஞானவாத இயக்கத்தை மெக்சிகோவில் வளர்த்த சமயேல் ஆவுன் வேயோரின் வாழ்க்கை என்னைப் புரட்டிப் போட்டுவிட்டது. சிறை சென்றார், மலையில் வாழ்ந்தார், தன் நூல்களின் உரிமையையே துறந்தார். எட்டு மாதங்களுக்கு முன் நானும் வேலையை விட்டுவிட்டேன். மகளின் பள்ளிக் கட்டணத்தை மாமனார் கட்டிவிட்டார், அதனால் பிரச்சினை இல்லை. மனைவியும் எதிர்ப்புச் சொல்லவில்லை. இந்த ஞானத்தை முழுநேரமும் பரப்ப எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: தம்பி, உங்கள் கடிதம் எட்டுப் பக்கம். அதில் மாமனாருக்குக் கிடைத்தது ஒரு வரி. அந்த ஒரு வரியைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை.

பணத்தை மாமனாரிடம் போய்க் கேட்டது யார்? நீங்கள் இல்லை. கேட்டிருந்தால் இவ்வளவு சுலபமாக எழுதியிருக்க மாட்டீர்கள். உங்கள் மனைவிதான் போயிருக்கிறார். கல்யாணமாகிப் போன பெண் பிறந்த வீட்டுப் படியேறி, “அப்பா, பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும்” என்று சொல்வது எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியுமா? அவர் எதிர்க்கவில்லை என்கிறீர்கள். பேசிப் பயனில்லை என்று அவர் முடிவு செய்து எத்தனை மாதமாயிற்றோ!

சரி, உங்கள் குருவிடமே வருவோம். விக்தோர் மனுவேல் கோமெஸ் என்ற பெயரில் 1917-இல் பொகோட்டாவில் பிறந்தவர் அவர். தன்னைக் கல்கி அவதாரம் என்று சொல்லிக்கொண்டார். அதை நான் நம்பவில்லை, ஆனால் இப்போது பேச்சு அதுவல்ல. 1950-இல் அவருக்குப் பெயர் வாங்கித் தந்த புத்தகத்தின் தலைப்பு என்ன? ‘முழுமையான திருமணம்.’ பெண்டாட்டி பிள்ளையை விட்டு மடத்துக்குப் போ என்று அவர் சொல்லவில்லை. மனைவியோடு சேர்ந்துதான் இந்தப் பாதையில் நடக்க முடியும் என்றார், துறவிகளின் பிரம்மச்சரியத்தை மறுத்தார். 1946-இல் மணந்த அர்னோல்டா காரோ மோராவைக் குரு என்றே எழுதிவைத்தார். கொலம்பியாவின் சான்டா மார்த்தா மலையிலும், அப்புறம் மெக்சிகோவிலும் அந்த அம்மாள் கூடவே இருந்தார். 1977 டிசம்பர் 24-இல் சமயேல் இறந்தபோது சீடர்கள் பல பிரிவாக உடைந்தார்கள். அதற்குப் பிறகும் இருபது வருடம் இயக்கத்தின் ஒரு பிரிவைத் தாங்கியவர் அந்த அம்மாள்தான்.

அந்த வாழ்க்கையைப் படித்த உங்கள் கண்ணில் சிறையும் மலையும் பட்டன. அர்னோல்டா படவில்லை. அவர் பெயர் கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை, உங்கள் மகளின் பெயரும் இல்லை.

நூல் உரிமையைத் துறந்ததைப் பெரிதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் அதைச் செய்தது 1976-இல், மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில் கூடிய மாநாட்டில். ஏழைகள் வாங்கும் விலையில் புத்தகம் கிடைக்கட்டும் என்று, தான் எழுதியவற்றின் மீதிருந்த தன் உரிமையை விட்டுக்கொடுத்தார். நீங்கள் விட்டது மகளின் படிப்புக்கான பணம். அதற்குத் துறவு என்று பெயர் வைக்க நான் விடமாட்டேன். பெற்ற பிள்ளையின் கட்டணம் தகப்பன் தலையில் இருக்கும் கடன், எந்த ஞானமும் அதைத் தள்ளுபடி செய்யாது. ‘நான்’ சாக வேண்டும் என்பது அவர் போதித்த முதல் பாடம். வேலையை விட்டதில் உங்கள் ‘நான்’ செத்ததா, கொழுத்ததா?

படிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை, இரவில் படியுங்கள். பகலில் வேலை தேடுங்கள், பழைய அலுவலகத்திலேயே கேட்டாலும் குறைந்துவிட மாட்டீர்கள். முதல் சம்பளத்திலிருந்து மாமனாருக்கு மாதாமாதம் திருப்பிக் கொடுங்கள். அவர் வேண்டாம் என்பார், கையில் வைத்துவிட்டு வாருங்கள்.

அதற்கு முன்னால், இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். மகள் தூங்கியதும் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு அப்பாவிடம் என்ன சொல்லிப் பணம் கேட்டார் என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.