ஒருவர் கதையை ஒருவர் படிப்பது பற்றி: கேள்விகளும் என் பதில்களும்

சேலத்தில் ஒரு மொட்டை மாடியில் மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலம் கூடி, ஒருவர் எழுதிக்கொண்டு வந்த கதையை மற்றவர்கள் படித்து, தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொண்டே குறை சொல்கிற ஒன்பது பேரில் நான் ஒருத்தி. பதினேழு வருஷமாக நடக்கிறது. அதற்கு முன்னால் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு அச்சகத்தில் மெய்ப்பு பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் இனிஷியல் மாறினால் என்ன நடக்கும் என்று நேரில் பார்த்தவள், அதனால் கண் தானாகத் தப்பில் போய் நிற்கும். கதைக்குக் கருத்து சொல்வது, வாங்கிக்கொள்வது, நடுவில் சிநேகிதத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பது, இவை பற்றி மட்டும் கேளுங்கள். பதிப்பகம் தேடுவது பற்றி எனக்குக் கேள்வி அனுப்ப வேண்டாம்.

அம்மாப்பேட்டை: அக்கா, என் கதைக்கு எல்லோரும் "அருமை", "கண் கலங்கிவிட்டது" என்றுதான் சொல்கிறார்கள். கதை சரியில்லை என்று எனக்கே தெரிகிறது. உண்மையைச் சொல்ல வைப்பது எப்படிங்க?

நீங்கள் "எப்படி இருக்கு?" என்று கேட்டிருப்பீர்கள். பந்தியில் உட்கார்ந்திருப்பவரிடம் பெண்ணைப் பெற்றவர் வந்து சாப்பாடு எப்படி என்று கேட்டால் யார் உப்பு இல்லை என்று சொல்வார்கள்? கேள்வியை மாற்றுங்கள். எந்த இடத்தில் போனை எடுத்துப் பார்த்தீர்கள், எந்த வரியை இரண்டாம் தடவை படித்தீர்கள், யார் பேசுகிறார் என்று எங்கே குழம்பியது, கதை முடிந்துவிட்டது என்று எந்த வரியில் நினைத்தீர்கள், இப்படி. இதற்கெல்லாம் "அருமை" என்று பதில் சொல்ல முடியாது.

நாங்கள் ஆளுக்கொரு பிரதி எடுத்து, பென்சிலோடு படிப்போம். மனசு நழுவுகிற இடத்தில் ஓரத்தில் ஒரு கோடு, அவ்வளவுதான், காரணம் எழுதக் கூடாது. ஒரு தடவை தறிக்காரர் குடும்பம் ஒன்றைப் பற்றிய கதை வந்தது. எட்டுப் பிரதியையும் தரையில் வரிசையாக வைத்துப் பார்த்தால், ஆறு பேர் நான்காம் பக்கத்தில் மாமியார் பேசுகிற அதே மூன்று வரியில் கோடு போட்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டால் ஆறு காரணம். வசனம் நீளம் என்றார் ஒருவர், எந்த மாமியாரும் இப்படிப் பேசமாட்டார் என்றார் இன்னொருவர், இந்தக் காட்சியே வேண்டாம் என்றார் மூன்றாமவர். எழுதியவர் வீட்டுக்குப் போய் அந்த வசனத்தைச் சுருக்கி, அடுத்த மாதம் கொண்டுவந்தார், மறுபடியும் அதே இடத்தில் கோடு. கடைசியில் பார்த்தால் கோளாறு இரண்டாம் பக்கத்தில் இருந்தது. தறியை அடகு வைத்துவிட்டார்கள் என்ற விஷயம் எழுதியவர் மனசில் மட்டும் இருந்தது, காகிதத்தில் வரவே இல்லை. அது தெரியாமல் படித்தால் மாமியார் எதற்கு இப்படிக் கத்துகிறாள் என்றுதான் தோன்றும். படித்தவர் காட்டும் இடத்தை அப்படியே நம்புங்கள். காரணத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், நம்ப வேண்டியதில்லை.

இன்னொன்று, இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்: எழுதி முடித்த ராத்திரியே யாருக்கும் அனுப்பாதீர்கள். ஒரு வாரம் போகட்டும்.

ஆத்தூர்: கதையை நாலு பேருக்குக் கொடுத்தால் கருவைத் திருடிவிட மாட்டார்களா மேடம்?

எழுதி வைத்த நிமிஷமே அந்த எழுத்துக்கு உரிமை உங்களுடையது. 1957ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டம், பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது, உங்கள் காலத்துக்கு அப்புறமும் 60 வருஷம் நிற்கும். ஆனால் கருவுக்கு, வெறும் யோசனைக்கு, அந்தப் பாதுகாப்பு இல்லை. எழுதிய விதத்துக்குத்தான். பதினேழு வருஷத்தில் எங்களிடம் திருட்டுப் போனது ஒரு குடை.

சூரமங்கலம்: என் சிறுகதையை அனுப்பினால் படித்துச் சொல்வீர்களா?

மாட்டேன். பதிலுக்கு நான் உங்களுக்கு ஒரு கதை கொடுத்து நீங்கள் படிக்கிற ஏற்பாடு இருந்தால்தான் இது நடக்கும். ஒரு பக்கமாகப் படித்துக்கொடுப்பது வேலை, அதற்குக் கூலி உண்டு. உங்கள் ஊரிலேயே எழுதுகிற இரண்டு பேரைத் தேடுங்கள்.

ஓமலூர்: எங்கள் குழுவில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். எனக்கே பாடம் எடுத்தவர். அவர் கதையில் குறை இருந்தால் எப்படிச் சொல்வது? வாய் வர மாட்டேன் என்கிறது.

கதைக்குள் இருக்கிற ஆளைப் பற்றிப் பேசுங்கள், எழுதிய ஆளை விட்டுவிடுங்கள். "ஐயா, நீங்கள் இந்த இடத்தை அவசரமாக எழுதிவிட்டீர்கள்" என்றால் அது அவர் மேல் விழும். "ஐயா, இந்தப் பெரியவர் மகன் முகத்தைப் பார்க்காமலே பணத்தை வாங்கிக்கொள்கிறாரே, அவ்வளவு கோபமா?" என்று கேட்டுப் பாருங்கள். அப்படியெல்லாம் இல்லையே என்று ஆரம்பித்து, அவரே பென்சிலை எடுப்பார்.

விமர்சகர் தி.க.சி. திருநெல்வேலியில் இருந்துகொண்டு, பெயர் தெரியாத இளைஞர்களுக்கெல்லாம் அஞ்சலட்டையில் கருத்து எழுதிப் போட்டுக்கொண்டிருந்தார் என்பது தமிழில் எழுதுகிறவர்கள் எல்லோரும் அறிந்த விஷயம். விமர்சனத்துக்காக 2000இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கியவர். எனக்கு அதில் பிடித்தது அந்த அட்டையின் அளவு. எத்தனை பொடி எழுத்தில் எழுதினாலும் பத்துப் பதினைந்து வரிதான் கொள்ளும், அதனால் சொல்ல வேண்டிய ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். மூத்தவருக்கு மட்டுமில்லை, யாருக்குமே ஒரு கூட்டத்தில் மூன்று குறைக்கு மேல் சொல்லாதீர்கள். நாலாவதிலிருந்து காது அடைத்துக்கொள்ளும்.

கொண்டலாம்பட்டி: ஏஐயிடம் கருத்து கேட்கலாமா?

கேளுங்கள். ஒற்றுப்பிழை பார்க்கும், பெயர் மாறியிருந்தால் சொல்லும். அடுத்த மாதம் மாடிப்படி ஏறி வந்து "போன தடவை சொன்னேனே, திருத்தினியா?" என்று அது கேட்காது.

அஸ்தம்பட்டி: எழுதியவர் வாயே திறக்கக் கூடாது என்று எங்கள் குழுவில் ஒரு விதி போட்டிருக்கிறார்கள். இது என்ன நியாயம் அக்கா?

நல்ல விதி. 1956இல் அமெரிக்காவில் பென்சில்வேனியா பக்கம் மில்ஃபோர்டு என்ற சின்ன ஊரில் அறிவியல் கதை எழுதுகிறவர்கள் கூட ஆரம்பித்தார்கள். வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவராகச் சொல்வார்கள், கடைசி ஆள் முடிக்கும்வரை எழுதியவர் பேசக் கூடாது, அப்புறம் அவர் முறை. அந்த முறைக்கு இன்றும் அந்த ஊர் பெயர்தான். காரணம் எளிது. கதை ஒரு வாரப் பத்திரிகையில் வந்தால் தாரமங்கலத்தில் படிக்கிறவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து "அது வந்து, அந்தப் பையனுக்குச் சின்ன வயசிலேயே…" என்று நீங்கள் விளக்க முடியாது. நான் முதல் மூன்று கூட்டத்தில் விளக்கு விளக்கு என்று விளக்கினேன். நாலாவதில் ஒருவர் சொன்னார்: "இப்போ சொன்னது நல்லா இருக்கு, இதை எழுதியிருக்கலாமே."

மேட்டூர்: மேடம், என் கதையைப் பார்த்துச் சொல்ல முடியுமா? சின்னக் கதைதான், இரண்டே பக்கம்.

மேலே சூரமங்கலத்துக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

குகை: வண்டி வேடிக்கை பற்றி எழுதினேன். சென்னை சிநேகிதி அடிக்குறிப்பு போடச் சொல்கிறாள்.

வேண்டாம். ஆடியில் வண்டியை ஜோடித்து, சாமி வேஷம் கட்டியவர்களை ஏற்றி வருகிற திருவிழா என்று அடியில் எழுதினால் அது அரசாங்கச் சுற்றுலாக் கையேடு. சிவன் வேஷக்காரர் வண்டியிலிருந்து குனிந்து, கழுத்துப் பாம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கீழே நிற்கிற மகளிடம் சோடா வாங்கிக் குடித்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த மாதிரி ஒன்று போடுங்கள், சென்னைக்குப் புரியும்.

ஏற்காடு: அக்கா, ஒரு சண்டை. என் கதையில் மார்கழிக் காலையில் நாயகி எஸ்டேட் வழியாக நடக்கிறாள், பனியோடு காப்பிப் பூ வாசம் வருகிறது. குழுவில் ஒருத்தர் "ஏற்காட்டிலேயே இருந்துகொண்டு இதுகூடத் தெரியாதா" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். நான் பஜாரில் செல்போன் கடை வைத்திருப்பவன், தோட்டக்காரன் இல்லை. அவரோடு பேச்சை நிறுத்திவிட்டேன். யார் மேல் தப்பு?

அவர் கேட்ட விதம் தப்பு, கேட்ட விஷயம் சரி. மொட்டு விட்ட செடி மழைக்காகக் காத்திருக்கும். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தால் எட்டுப் பத்து நாளில், சில்வர் ஓக் நிழலுக்குக் கீழே கிளை கிளையாக வெள்ளை, மல்லிகை மாதிரி வாசம், மூன்று நான்கு நாளில் முடிந்துவிடும். மார்கழியில் செடியில் இருப்பது சிவப்புப் பழம், பறிப்பு நடக்கும் காலம். 1820களில் காக்பர்ன் கலெக்டர் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்த நாளிலிருந்து இதுதான் கணக்கு. எழுதுவதற்கு முன்னால் தோட்டத்தில் வேலை செய்கிற ஒருவரைக் கேட்டிருக்கலாம். உங்கள் கடைக்கு ரீசார்ஜ் பண்ண தினமும் வருவார்களே.

சீலநாயக்கன்பட்டி: கதைதானே அக்கா? மாய யதார்த்தம் என்று வைத்துக்கொள்ளக் கூடாதா?

மாயம் என்றால் கதைக்குள் யாராவது திடுக்கிட வேண்டும், அல்லது ஒருவரும் திடுக்கிடாதது நமக்கு உறைக்க வேண்டும். இங்கே இரண்டும் இல்லை. எழுதியவருக்கு மாதம் தெரியவில்லை.

சீலநாயக்கன்பட்டி: ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவில் செட் போட்டே காடும் அரண்மனையும் காட்டினார்கள். யாராவது செடிக்கு மாதம் கேட்டார்களா?

செட் போட்ட ஆசாரிக்குக் காடு எப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தது தம்பி. தெரிந்து பொய் சொல்வது வேறு.

ஓமலூர்: அக்கா சொல்வது சரி. தெரியாததை எழுதக் கூடாது.

அப்படி நான் சொல்லவில்லை. அப்படியென்றால் நாம் யாருமே எழுத முடியாது.

நாகலூர்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும்மா. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகத் தோட்ட வேலை. மார்கழியிலும் பூக்கும். பருவம் தப்பி ஒரு மழை பெய்தால், தயாராக இருக்கிற மொட்டெல்லாம் வெடித்துவிடும். ஒரே கிளையில் பழமும் இருக்கும் பூவும் இருக்கும். பழம் பறிக்கிற கை பட்டுப் பூ உதிரும், அடுத்த வருஷக் காய் அதோடு போச்சு. என் அம்மா அந்தச் சமயத்தில் விரலை மடக்கி மடக்கிப் பறிப்பாங்க, பூவில் படக் கூடாதுன்னு. வாசம் நல்லாத்தான் இருக்கும், ஆனா யாரும் சந்தோஷமா இருக்க மாட்டாங்க.

இதைப் படித்துவிட்டு அரை மணி நேரம் ஒன்றும் எழுதவில்லை. மேலே அஸ்தம்பட்டிக்குச் சொன்ன விதி எனக்கும்தான். மார்கழியில் பூக்காது என்று நான் அடித்துச் சொன்னது தப்பு. நன்றிங்க.

ஏற்காட்டுத் தம்பி, இன்னும் இருக்கிறீர்களா? உங்கள் கதையில் முந்தின வாரம் மழை பெய்ததா?

ஏற்காடு: இல்லை அக்கா. பனி மட்டும்தான். ஆனால் நாயகியின் அம்மா பறிப்புக்குப் போகிறவள்தான், ஒரு வரியில் வருகிறாள்.

அந்த ஒரு வரி அம்மாவை வெளியே கூப்பிடுங்கள். பத்து நாளைக்கு முன்னால் வேண்டாத மழை ஒன்று பெய்யட்டும். மகளுக்கு வாசம் பிடித்திருக்கிறது, பக்கத்தில் அம்மா விரலை மடக்கிக்கொண்டு நிற்கிறாள். நாகலூர்க்காரரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள், விரல் அவருடைய அம்மாவுடையது. சண்டை போட்டவருக்குத்தான் முதல் பிரதி கொடுக்க வேண்டும், அவர் கேட்காமல் இருந்திருந்தால் இது வந்திருக்காது. கொடுப்பதற்கு முன்னால் ஒரு வாரம் வையுங்கள்.

சங்ககிரி: அக்கா, என் கதை ஒன்று…

சூரமங்கலம். மேட்டூர். மேலே.

சங்ககிரி: படிக்கச் சொல்லவில்லைங்க. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறுகிற பாதையில் 22 கொண்டை ஊசி வளைவு என்று எழுதிவிட்டேன். சரியா என்று மட்டும்.

20. இது எனக்கு நிச்சயமாகத் தெரியும். வேண்டுமானால் நாகலூரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.