கட் கொடுத்த ஃபைல் எங்கே போகிறது?

இந்த முறை சேலம் பக்கமிருந்து வந்த கேள்விகள். பாதிக்கு மேல் கட்-பேஸ்ட் பயம்தான்.

சேலை டிசைன் ஃபோல்டருக்கு கட் கொடுத்தேன். பேஸ்ட் கொடுப்பதற்குள் கரண்ட் போய்விட்டது. மறுபடி ஆன் செய்து பேஸ்ட் கொடுத்தால் ஒன்றும் வரவில்லை. எல்லாம் போச்சா? (அம்மாபேட்டை)

பழைய இடத்திலேயே பாருங்கள், இருக்கும். விண்டோஸில் கட் கொடுத்த ஃபைல் அசைவதே இல்லை. 'இதை நகர்த்த வேண்டும்' என்ற குறிப்பு மட்டும் கிளிப்போர்டில், அதாவது கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவில் ஏறும். ஐகான் மங்கலாவது அதற்கு அடையாளம். கரண்ட் போனதும் அழிந்தது அந்தக் குறிப்புதான். நடுவில் வேறு எதற்காவது காப்பி கொடுத்தாலும் அப்படித்தான்.

வேர்டில் மட்டும் ஜாக்கிரதை. அங்கே கட் செய்த பத்தி அப்போதே பக்கத்திலிருந்து போய்விடும். பேஸ்ட் செய்யாமல் சேவ் கொடுத்து, பிறகு கரண்ட் போனால் திரும்பக் கிடைப்பது கஷ்டம். 1970-களில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் கட்-பேஸ்ட்டை எழுத்துகளுக்காகத்தான் உருவாக்கினார்கள். ஃபைல்களுக்கு வந்தபோது இந்த ஆபத்து நல்ல வேளையாக நீங்கிவிட்டது.

டேலி கணக்கு மென்பொருளின் ஃபோல்டரை டி டிரைவில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றினால் கண் சிமிட்டும் நேரத்தில் முடிகிறது. அதையே பென்டிரைவுக்குக் கொண்டு போனால் டீ குடித்துவிட்டு வந்தாலும் ஓடிக்கொண்டே இருக்கிறது. பென்டிரைவ் கோளாறா? (லீ பஜார்)

கோளாறு இல்லை. ஒரே டிரைவுக்குள் என்றால் சரக்கு இருந்த இடத்தில் இருக்க, டிரைவின் பேரேட்டில் முகவரி மட்டும் மாறுகிறது. ஒரு எம்பியோ 50 ஜிபியோ, நேரம் ஒன்றுதான். வேறு டிரைவுக்கு என்றால் அத்தனையும் நிஜமாகவே காப்பி ஆக வேண்டும். ஆன பிறகு பழையது அழியும். அழிந்தது ரீசைக்கிள் பின்னிலும் இருக்காது.

அதனால் என் கட்சி இது: டிரைவ் மாறினால் கட் வேண்டாம். காப்பி கொடுங்கள், பென்டிரைவிலிருந்தே ஒரு தடவை திறந்து பாருங்கள், பிறகு பழையதை டெலீட் செய்யுங்கள். 'எஜெக்ட்' கொடுக்காமல் பிடுங்குகிறவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். திரையில் முடிந்ததாகக் காட்டினாலும் கடைசித் துளி எழுதப்படாமல் இருக்கலாம்.

டேலியை மூடிவிட்டு மாற்றுங்கள். புது இடத்துக்குப் போனதும் கம்பெனி பட்டியல் காலியாகத் தெரிந்தால் பதற வேண்டாம், கம்பெனி தேர்வு செய்யும் இடத்தில் புதுப் பாதையைக் கொடுத்தால் வந்துவிடும்.

எஸ்டேட் சம்பளக் கணக்கை டெஸ்க்டாப்பிலிருந்து கட் செய்து பென்டிரைவில் போட்டு, சேலம் ஆடிட்டரிடம் கொடுத்தேன். அவர் கம்ப்யூட்டரில் திறக்கவே இல்லை. (ஏற்காடு)

ஐகானின் மூலையில் வளைந்த சின்ன அம்புக்குறி இருக்கிறதா? அப்படியானால் நீங்கள் கொண்டு போனது ஷார்ட்கட். இரண்டு மூன்று கேபி அளவில், 'ஃபைல் இன்ன இடத்தில் இருக்கிறது' என்று சொல்லும் துண்டுச்சீட்டு அது. உண்மையான கணக்கு எஸ்டேட் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே பத்திரமாக இருக்கிறது. பென்டிரைவை அந்தக் கம்ப்யூட்டரில் செருகி, ஷார்ட்கட்டின் மேல் ரைட் கிளிக் செய்து, 'ஓபன் ஃபைல் லொகேஷன்' கொடுத்தால் அது இருக்கும் ஃபோல்டர் திறக்கும். அடுத்த முறை இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்குவதற்கு முன் ஃபைலின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

32 ஜிபி பென்டிரைவ் காலியாகத்தான் இருக்கிறது. ஆறு ஜிபி கல்யாண வீடியோவை ஏற்ற மறுக்கிறது. (ஐந்து ரோடு ஸ்டூடியோ)

பென்டிரைவ் ஃபேட்32 என்ற, ஃபைல்களை அடுக்கி வைக்கும் பழைய முறையில் இருக்கும். அதில் ஒரு தனி ஃபைல் 4 ஜிபியைத் தொட முடியாது. உள்ளே இருப்பதை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு, எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். மாப்பிள்ளை வீட்டு டிவி பழசு என்றால் எக்ஸ்ஃபேட்டைப் படிக்காமல் போகலாம். அவர்களுக்கு வீடியோவை இரண்டு பாகமாகக் கொடுப்பதே நல்லது.

மேக் வாங்கினேன். ஃபைலுக்கு கட் வேலை செய்யவில்லையே? (ஃபேர்லேண்ட்ஸ்)

கமாண்ட்-சி கொடுங்கள். போக வேண்டிய இடத்தில் கமாண்ட், ஆப்ஷன் இரண்டையும் பிடித்துக்கொண்டு வி அழுத்துங்கள்.

மவுஸ் கை தவறி இழுபட்டு, ஒரு ஃபோல்டரே காணாமல் போய்விட்டது. (செவ்வாய்பேட்டை)

பக்கத்து ஃபோல்டருக்குள் விழுந்திருக்கும். உடனே என்றால் கன்ட்ரோல்-இசட் போதும். நேரமாகிவிட்டதென்றால் அந்த டிரைவைத் திறந்து, மேலே உள்ள தேடல் கட்டத்தில் ஃபோல்டரின் பெயரை அடியுங்கள்.