கேள்வி-பதில்: தண்ணீரைப் பார்த்தும் குடிக்காத குதிரை

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி: என் அக்கா மகன் அபுதாபி பக்கம் ஒரு குதிரை லாயத்தில் வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அங்கே ஒரே நாளில் 120, 160 கிலோமீட்டர் ஓடவிடும் பந்தயம் நடக்குமாம். போன மாதம் அவன் கையால் தீனி போட்டு வளர்த்த குதிரை ஓடும்போதே முன்கால் முறிந்து விழ, ஊசி போட்டு அங்கேயே முடித்துவிட்டார்களாம். போனில் அப்படி அழுதான். இவ்வளவு தூரம் ஓடினால் எந்தக் குதிரைதான் பிழைக்கும்? இதை எப்படி விளையாட்டு என்கிறார்கள்?

பதில்: உங்கள் அக்கா மகனை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. தினமும் தேய்த்துவிட்டு, குளம்பு சுத்தம் செய்து, ராத்திரி எழுந்து பார்க்கிறவனுக்குத்தான் அந்த இழப்பு தெரியும். ஆனால் ஒன்று, குதிரையைக் கொல்வது பெரும்பாலும் தூரம் இல்லை. வேகம். இந்தப் போட்டிக்கு என்டூரன்ஸ் என்று பெயர். 1955-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மலைப் பாதை வழியாக 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர், 24 மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்று டெவிஸ் கோப்பைக்கான சவாரியை ஆரம்பித்தார்கள். மேடு பள்ளத்தில் நிதானமாகத்தான் போக முடியும். 'முடித்தாலே வெற்றி' என்பதுதான் அந்த நாட்டு என்டூரன்ஸ் சங்கத்தின் கொள்கை வாசகமே. முதலில் வருகிற குதிரைக்குத் தனியாக, நல்ல உடல்நிலையில் முடித்த குதிரைக்குத் தனியாகப் பரிசு.

அதே தூரத்தைச் சமதளமான பாலைவன மணலில் வைத்தபோது நிலைமை தலைகீழாகிவிட்டது. சராசரியாக மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டி, மணிக்கணக்கில் ஓடுகிறார்கள். தசை களைத்துப்போனால் மூட்டைத் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை, முழு அடியும் எலும்பின் மேல் விழுகிறது. வாரக்கணக்காக வேகப் பயிற்சியில் எலும்பில் விழுந்த மயிரிழை விரிசல்கள் ஆறுவதற்குள் அடுத்த பந்தயம் வந்துவிடும். அன்றைக்குக் கால் இடறியது என்று சொல்வார்கள். பல தடவை அந்தக் கால் அதற்கு முன்பே பாதி உடைந்திருக்கும். அதனால்தான் பந்தயங்களுக்கு நடுவே கட்டாய ஓய்வு நாட்கள், வேகமாக ஓடியிருந்தால் இன்னும் கூடுதல் நாட்கள் என்று விதி வைத்திருக்கிறார்கள்.

விதிகள் மோசமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மொத்தத் தூரத்தையும் 40 கிலோமீட்டருக்கு மிகாத சுற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொரு சுற்று முடிவிலும் கால்நடை மருத்துவர் பார்ப்பார். வந்து சேர்ந்த 15 நிமிடத்துக்குள் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 64-க்கு இறங்கியிருக்க வேண்டும், கடைசிச் சுற்றுக்கு மட்டும் 20 நிமிடம். சும்மா நிற்கிற குதிரைக்குத் துடிப்பு 28-லிருந்து 44 வரை இருக்கும், அதை வைத்துப் பார்த்தால் 64 என்பது கொஞ்சம் தாராளம்தான். நடுச் சுற்றுகளில் குதிரையை மருத்துவரிடம் கொண்டுவந்து நிறுத்தும்வரை கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் விரட்டி வந்து துடிப்பு இறங்கக் காத்து நிற்பவருக்கு நேரம்தான் வீண். நொண்டுகிறதா என்று ஓடவிட்டுப் பார்ப்பார்கள், குடல் சத்தம் கேட்பார்கள், அப்புறம் குறைந்தது 40 நிமிடம் ஓய்வு.

இவ்வளவு இருந்தும் சாகிறதே என்றால், விதியை யார், எவ்வளவு கண்டிப்பாக நடத்துகிறார்கள் என்பதில்தான் சிக்கல். சர்வதேச குதிரையேற்றச் சம்மேளனம் 2015-லும் 2020-லும் ஐக்கிய அரபு அமீரகச் சம்மேளனத்தை இடைநீக்கம் செய்தது, 2016 உலகப் போட்டியை துபாயிலிருந்து எடுத்து ஸ்லோவாக்கியாவுக்குக் கொண்டுபோனது. அதே அபுதாபியில் பௌதீப் என்ற இடத்தில் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று தாங்களாகவே வரம்பு வைத்துப் பந்தயம் நடத்தினார்கள். என்னைக் கேட்டால் அந்த வரம்பு எல்லா இடத்துக்கும் வரவேண்டும். நிறுத்து என்று சொல்கிற மருத்துவர் குதிரை முதலாளியிடம் சம்பளம் வாங்குகிறவராக இருக்கவே கூடாது.

உங்கள் பையனுக்கு ஒரு வேலை சொல்கிறேன். ஈறை விரலால் அழுத்தி விட்டால் 2 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே படிய வேண்டும். வயிற்றில் காதை வைத்தால் இரைச்சல் கேட்க வேண்டும், சத்தமே இல்லாத வயிறு ஆபத்து. விலாவுக்குப் பின்பக்கம் இதயத்தோடு சேர்ந்து துடித்தால் உடம்பில் உப்புகள் வற்றிவிட்டன என்று அர்த்தம். இதில் எது சரியில்லை என்றாலும், கேட்கும்வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் அவனே போய்ச் சொல்லட்டும்.

வியாசர்பாடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: தாகம் எடுத்தால் குதிரை தானே குடிக்கப்போகிறது. அதற்கு எதற்கு உப்புக் கலவை, கட்டாய ஓய்வு எல்லாம்?

பதில்: தம்பி, இந்தக் கேள்விக்கு என்னால் நிதானமாகப் பதில் சொல்ல முடியாது. நான் கால்நடை மருத்துவம் படித்து முடித்து வந்த புதிதில் தங்கசாலைப் பக்கம் பாரவண்டி இழுக்கிற ஒரு குதிரையைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். சித்திரை வெயில். உடம்பெல்லாம் வேர்வை காய்ந்து வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. எதிரே வாளி நிறையத் தண்ணீர், குதிரை அதைப் பார்க்கக்கூட இல்லை. "தண்ணி வேணாங்குது சார், அப்ப நல்லாத்தான் இருக்கு" என்றார் வண்டிக்காரர், நானும் தலையாட்டிவிட்டு நிழலில் கட்டச் சொல்லி வந்துவிட்டேன். மறுநாள் காலையில் அது இல்லை. வயிற்றில் இரைச்சல் இருக்கிறதா என்று நான் காதை வைத்துக் கேட்கவே இல்லை. அந்தத் தப்பு என்னுடையது.

நம் வேர்வையில் தண்ணீர்தான் அதிகம், உப்பு கம்மி. அதனால் வேர்க்க வேர்க்க ரத்தத்தில் உப்பின் செறிவு ஏறும், மூளை உடனே தாகம் என்று சொல்லும். குதிரையின் வேர்வையில் ரத்தத்தில் இருக்கும் அளவுக்கு, சில சமயம் அதைவிட அதிகமாகவே, உப்பு போகிறது. கடும் வெயிலில் ஓடும்போது ஒரு மணி நேரத்தில் 10 லிட்டருக்கு மேல்கூட வேர்க்கும். தண்ணீரும் உப்பும் சேர்ந்தே வெளியேறுவதால் ரத்தம் உப்பேறுவதில்லை, மூளைக்குச் செய்தியும் போவதில்லை. வறண்டு கிடக்கும், தாகம் இருக்காது. உப்புக் கலவை கொடுத்தால்தான் தாகமே திரும்ப வரும், அதையும் பக்கத்தில் குடிக்கத் தண்ணீர் வைத்துக்கொண்டுதான் கொடுக்க வேண்டும். இதற்குள் குடலுக்குப் போகிற ரத்தம் குறைந்து வயிற்றுவலி வந்துவிட்டால், குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. ஓட்டத்தில் சாகாமல் ஓட்டம் முடிந்து ராத்திரியில் சாகிற குதிரைகள் இருப்பது இதனால்தான்.

காசிமேட்டிலிருந்து ஒரு வாசகர்: வேர்த்திருக்கிற குதிரை மேல் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் ஜன்னி வரும், தசை இழுத்துக்கொள்ளும் என்று என் அப்பா சொல்வார். உண்மையா?

பதில்: அப்பாவை மட்டும் சொல்ல வேண்டாம், உலகம் முழுக்க அப்படித்தான் நம்பினார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸுக்கு முன்னால், அந்த ஊர் புழுக்கத்தில் குதிரைகள் தாங்குமா என்று ஆராய்ச்சி செய்து பார்த்தார்கள். சூடேறிய குதிரைக்குக் குளிர்ந்த தண்ணீரை நிறைய, விடாமல் ஊற்றுவதால் தசைக்குக் கெடுதல் இல்லை, உடம்புச் சூடும் சீக்கிரம் இறங்குகிறது என்று தெரிந்தது. உடம்பு முழுக்க ஊற்றுங்கள், ஊற்றிக்கொண்டே இருங்கள். ஈரத் துணியைப் போர்த்தி வைக்காதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும்.

நம் கடலோரத்தில் இதை இரண்டு மடங்கு கவனிக்க வேண்டும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் வேர்வை காயாது, காயாத வேர்வையால் உடம்பு குளிராது. 2018 செப்டம்பரில் அமெரிக்காவின் ட்ரையானில் நடந்த உலகப் போட்டியில் 160 கிலோமீட்டர் ஓட்டத்தைத் தப்பாகத் தொடங்கி, 120 என்று மாற்றி மறுபடி தொடங்கி, கடைசியில் வெப்பமும் ஈரமும் தாங்காமல் ரத்தே செய்தார்கள். 53 குதிரைகளுக்குச் சிகிச்சை கொடுக்க வேண்டி வந்தது, சிறுநீரகம் செயலிழந்த ஒன்றைக் கருணைக்கொலை செய்தார்கள். நிறுத்தியது சரி. அவ்வளவு தாமதமாக நிறுத்தியதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

திருவொற்றியூரிலிருந்து ஒரு வாசகி: மே மாதம் தம்பி கல்யாணம். பகல் ஒரு மணிக்கு சாரட் வண்டி ஊர்வலம் வைக்கலாமா?

பதில்: வேண்டாம், சாயங்காலத்துக்கு மாற்றுங்கள். வண்டி இழுக்கும், பாரம் சுமக்கும் பிராணிகளுக்கான 1965-ம் வருஷத்து விதியே இருக்கிறது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 மணி வரை அவற்றைப் பூட்டக்கூடாது, ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேலும் கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலும் கூடாது. வண்டிக்காரரிடம் முன்பணம் கொடுக்கும்போதே அன்றைக்கு வேறு எத்தனை ஊர்வலம் ஒத்துக்கொண்டிருக்கிறார் என்று கேளுங்கள். பட்டாசு வெடிக்காத தெருவாகப் பார்த்து, மண்டப வாசலில் இரண்டு வாளித் தண்ணீர் வைத்துவிடுங்கள்.