அடிக்கடி மழை பெய்கிற மலேசியாவில் வீட்டிலும் தோட்டத்திலும் தண்ணீரைச் சேமிக்க வேண்டுமா? எப்படி?

உங்களுடையது தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு, பின்பக்கம் கொஞ்சம் மண், நாலைந்து செடி என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். "சாயங்காலம் மழை கொட்டுது, குழாய்த் தண்ணியும் மலிவு, எதுக்கு இந்தப் பாடு" என்று கேட்டிருக்கிறீர்கள். என் வீட்டுச் சுவரோரம் நிற்கும் நீலத் தோம்புகளை (பீப்பாய்களை)ப் பார்த்து "கஞ்சம்" என்று என் காதுபடச் சொன்ன சொந்தக்காரர்களே உண்டு. அதனால் நீளமாகவே சொல்கிறேன்.

நான் இருப்பது சிலாங்கூர் மாநிலத்தில் பெஸ்தாரி ஜெயா. எங்களுக்கு இன்னும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான். சிலாங்கூர் ஆறு பக்கத்தில் ஓடுகிறது, பெரிய சுத்திகரிப்பு நிலையங்களும் இங்கே புக்கிட் பாடோங்கில்தான். இருந்தும் 2014-ல் அணையில் நீர் குறைந்து மாநிலத்தில் தண்ணீர்ப் பங்கீடு வந்தது. 2020 செப்டம்பரில் யாரோ கழிவைக் கொட்டி ஆறு நாறியது, நிலையங்களை மூடினார்கள். அதற்கும் மழைக்கும் சம்பந்தமே இல்லை. அந்த நாட்களில் என் வீட்டில் கழிவறைக்கும் துணிக்கும் செடிக்கும் தோம்புத் தண்ணீர் இருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வாளியோடு வந்தார்கள். கஞ்சம் என்றவர்களும் வந்தார்கள். எல்லாருக்கும் கொடுத்தேன்.

இதைக் கற்றுக்கொடுத்தது என் அம்மா. ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிவிட்டு வந்து, தகரக் கூரை ஓரத்தில் பீலி (மழைநீர்க் கால்வாய்) கட்டி மழைத் தண்ணீர் பிடித்தவர். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று யாருக்கும் தெரியாது. 1990-ல் தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்கு இலவசமாகக் குழாய்த் தண்ணீர் தரவேண்டும் என்று சட்டமே வந்தது. அதற்குப் பிறகும் எங்கள் லயத்தில் வரிசையில்தான் நின்றோம். ரப்பர் தோட்டம் கைமாறியபோது கோயில் கிணற்றையும் மண் போட்டு மூடினார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று தலைமுறை குடித்த கிணறு அது. கேள்விக்கு இது தேவையில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். 50 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 500 லிட்டர், பெரிய தோம்பு இரண்டு நிரம்பி வழியும். முதலில் வரும் தண்ணீரை விட்டுவிடுங்கள், பறவை எச்சமும் புகைமூட்டக் கரியும் அதில்தான் வரும். குடிக்கவோ சமைக்கவோ நான் சொல்லவில்லை. தோம்பு வாங்கும்போது எஸ்டேட் தோட்டத்து மருந்து இருந்ததை இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை 2020-ல் தடை செய்துவிட்டார்கள், ஆனால் பழைய தோம்புகள் இன்னும் ஊருக்குள் சுற்றுகின்றன. எத்தனை தடவை கழுவினாலும் நம்ப முடியாது.

"தண்ணி பிடிச்சு வச்சா டெங்கி வரும்" என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: ஏடிஸ் முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும், எனக்கும் தெரியும். வாயை மெல்லிய வலையால் இறுக்கிக் கட்டி, மேலே மூடி போட்டு, அடியில் குழாய் வைத்து எடுங்கள். பீலியில் இலை அடைத்துத் தண்ணீர் தேங்கினால் அங்கேயும் முட்டையிடும், அதையும் வழித்துவிட வேண்டும். சுகாதாரத் துறை ஆட்கள் வந்தால் தைரியமாகத் திறந்து காட்டலாம்.

செடிக்குக் காலையிலேயே ஊற்றுங்கள், வேருக்கு, இலைக்கு அல்ல. மிளகாய், கத்தரி அடியில் காய்ந்த புல்லோ செம்பனைக் காலிக்குலைச் சக்கையோ (பழம் எடுத்தபின் மிஞ்சும் குலை) பரப்பினால் மண் சீக்கிரம் காயாது, செம்பனைத் தோட்டத்திலேயே அப்படித்தான் போடுகிறார்கள். அரிசி களைந்த தண்ணீர் என் கறிவேப்பிலைக்கு.

வீட்டுக்குள் முதலில் கழிவறைத் தொட்டியைப் பாருங்கள். தொட்டித் தண்ணீரில் கேசரிப் பொடி கரைத்துவிட்டு, அரை மணி நேரம் யாரும் தண்ணீர் இழுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கழிவறைக் கிண்ணத்தில் நிறம் இறங்கினால் தொட்டிக்குள் இருக்கும் அடைப்பு ரப்பர் தேய்ந்துவிட்டது, ஹார்ட்வேர் கடையில் மாற்று வாங்கலாம். சத்தமே இல்லாமல் ராத்திரி பகலாக ஓடிக்கொண்டிருக்கும் கசிவு அதுதான்.

உங்கள் பீலி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, கீழே சிமெண்டா மண்ணா என்று கருத்தில் எழுதுங்கள். தோம்பை எங்கே வைக்கலாம் என்று சொல்கிறேன்.