நாணைக் கழற்றினாலும் நிமிராத வில்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஹிக்கரி மரத்தில் நீள்வில் செய்யும் கிட் ஒன்று வாங்கினேன். பாதி செதுக்கிய கட்டை, இரண்டு நாண், உருண்டை அரம், உப்புத்தாள் இருந்தன. பெட்டி வந்த அன்றே சுரண்டத் தொடங்கிவிட்டேன். இப்போது நாணைக் கழற்றினாலும் வில் இரண்டு அங்குலம் வளைந்தபடியே நிற்கிறது. கட்டை மட்டமானதா?
– வாசகர், செந்தூல்

பதில்: கட்டையைக் குறை சொல்லாதீர்கள், கோலாலம்பூர் காற்றைச் சொல்லுங்கள். ஹிக்கரி உரமான மரம்தான், ஆனால் ஈரத்தை நன்றாகக் குடிக்கும். காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காடாக உள்ள வீட்டில் கிடந்தால், மரத்துக்குள் ஈரம் 15 விழுக்காட்டை எட்டிவிடும். வில்லுக்கு வேண்டியதோ 8 முதல் 10. ஈர மரத்தை வளைத்தால் வயிற்றுப் பக்கம், அதாவது எய்பவரைப் பார்க்கும் பக்கம், நசுங்குகிறது. நசுங்கிய நார் திரும்ப எழும்பாது.

இரண்டு அங்குலம் தாங்கக்கூடியதே. மூன்றைத் தாண்டினால் அம்பு சோர்ந்துதான் போகும். இப்போதைக்கு அரத்தைக் கீழே வையுங்கள். வில்லைவிடச் சற்று நீளமான பிளைவுட் பெட்டி, உள்ளே 40 வாட் இழை பல்பு, மேலும் கீழும் சில துளைகள் போதும். எல்இடி பல்பு வேண்டாம், சூடு வராது. பல்பு மரத்தைத் தொடக்கூடாது. உள்ளே 38 டிகிரி செல்சியஸ் இருந்தால், வெளியே 28 டிகிரியில் 80 விழுக்காடாக இருந்த அதே காற்றின் ஈரப்பதம் சுமார் 45க்கு இறங்கிவிடும். கட்டையைத் தினமும் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. அதற்குமேல் சூட்டை ஏற்றாதீர்கள். 6 விழுக்காட்டுக்குக் கீழே போன மரம் வளையாமல் உடையும். எப்போதும் ஏர்கோன் ஓடும் அறை இருந்தால், பெட்டி இல்லாமல் சில வாரம் அங்கேயே வைத்தாலும் சரி.

கேள்வி: நாணை 28 அங்குலம் இழுக்கும்போது வில்லின் வலு 40 பவுண்டு இருக்கவேண்டும். ஒரு தடவைக்கு எவ்வளவு சுரண்டலாம்?
– வாசகர், ஜார்ஜ் டவுன்

பதில்: விறைப்பான இடத்தில் பத்துப் பதினைந்து இழைப்பு, அவ்வளவுதான். பிறகு நாணை இருபது முப்பது முறை மெதுவாக இழுத்து விடுங்கள். சுரண்டியதன் பலன் அதற்குப் பிறகே வளைவில் தெரியும். பொறுமையில்லாமல் தொடர்ந்து சுரண்டுபவர்களுக்குத்தான் 25 பவுண்டு வில் கிடைக்கிறது. சுரண்டுவது வயிற்றுப் பக்கத்தில் மட்டும். முதுகுப் பக்கம், அதாவது எய்பவருக்கு எதிர்ப்பக்கம், அரம் படவே கூடாது. அங்கே ஒரு வளர்ச்சி வளையம் அறுந்தாலும் சிலாம்பு அந்த இடத்தில்தான் கிளம்பும். முதுகின் இரண்டு ஓரங்களையும் உப்புத்தாளால் லேசாக உருட்டிவிட்டால் போதும்.

இன்னொரு கண்டிப்பான விதி: தொங்குதராசு 40 பவுண்டைக் காட்டும் இடத்தில் இழுப்பை நிறுத்துங்கள். அது 18 அங்குலமாக இருந்தாலும் சரி, அங்கிருந்து சுரண்டித்தான் 28க்குப் போகவேண்டும். கடைசியில் இரண்டு மூன்று பவுண்டு கூடுதலாக விட்டுவையுங்கள், உப்புத்தாள் அதைத் தின்றுவிடும்.

ஆறு அங்குல நேர்ச்சட்டம் ஒன்றை வளைந்த வில்லின் வயிற்றோடு நகர்த்திப் பாருங்கள். நடுவில் இடைவெளி தெரியாத இடம் விறைப்பு, பென்சிலால் குறியுங்கள். இடைவெளி திடீரென்று பெரிதாகும் இடம் பலவீனம். அதைத் தொடாமல் இரு பக்கமும் சுரண்டி வளைவைப் பரப்புங்கள். வில்லின் வலு குறையும். 35 பவுண்டு வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். பலவீனமான இடத்தைக் கவனிக்காமல் இழுத்தால், வயிற்றில் குறுக்காக மயிரிழைச் சுருக்கங்கள் விழும், அவை மறைவதில்லை.

கேள்வி: நாண், பூச்சு எது நல்லது? ஆளிவிதை எண்ணெய் போதும் என்கிறார்கள்.
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: ஆளிவிதை எண்ணெய் பார்க்க அழகு, ஈரத்தைத் தடுக்காது. நம் ஊருக்குப் பாலியூரித்தேன் நான்கைந்து மெல்லிய பூச்சு. நாண் மாட்டும் வெட்டுகளான காடிகளையும் நுனிகளையும் விட்டுவிடாதீர்கள், மரத்தின் வெட்டு முகம்தான் அதிகம் குடிக்கும். நாணுக்கு டேக்ரான் என்னும் பாலியெஸ்டர் நூல், 40 பவுண்டுக்கு 12 இழை. நீளாத நவீன நாண், வலுவுக்காக நுனியில் மேல்தகடு ஒட்டாத மரக்காடியை அறுத்துவிடும். எய்து முடித்ததும் நாணைக் கழற்றிப் படுக்கையாக வையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் வேண்டவே வேண்டாம்.